பதினாறு வரிக்கு ஒரு குறிப்பாணை

எங்கள் அலுவலகத்தின் வேலை அடுக்குவது. வேங்கிக்காலில் அரசு அலுவலகங்கள் வரிசையாக இருக்கும் சாலையில், எல்லாக் கட்டடங்களுக்கும் பின்னால், 'மாவட்டக் கோப்பு ஒழுங்கமைவு அலகு' என்று பச்சைப் பலகை மாட்டிய ஒரு மாடி இருக்கிறது. பல துறைகளில் கையெழுத்தான உத்தரவுகள் ஸ்கேன் செய்யப்பட்டு எங்கள் கணினிக்கு வரும். அவற்றை ஊர்வாரியாக அடுக்கி, 'அடுக்கப்பட்டது' என்று நாங்கள் சான்று கொடுத்த பிறகுதான் அனுப்புகைப் பிரிவு எண் போட்டு, முத்திரை வைத்து, மனுதாரருக்கு அனுப்பும். அடுக்காத உத்தரவு உத்தரவே இல்லை என்று கண்காணிப்பாளர் தண்டாயுதபாணி ஐயா நான் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்தார்.

என் பெயர் தேவிப்ரியா. ஒப்பந்தத்தில் இருக்கும் கணினி இயக்குபவர். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறேன். நான் பி.சி.ஏ. படித்திருப்பதை அலுவலகத்தில் யாரும் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை, அதை நான் பயன்படுத்தும் வரைக்கும்.

அடுக்கும் முறையைச் சொல்கிறேன். ஒரு ஃபைலைத் திறக்க வேண்டும். உள்ளே எந்த ஊர் என்று படிக்க வேண்டும். அடுக்கல் பதிவேட்டில் எழுத வேண்டும். பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கண்காணிப்பாளரிடம் பச்சை மையில் சுருக்கொப்பம் வாங்க வேண்டும். திரும்பி வந்து, அந்த ஃபைலை அந்த ஊர் ஃபோல்டருக்குள் இழுத்துப் போட வேண்டும். நாளொன்றுக்கு ஆறு ஃபைல் என்பது எங்கள் அலுவலகத்தின் பெருமை. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காத்திருந்தவை முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. புதிதாக ஒன்றுகூட வராமல் இருந்தால் இருபத்தாறு வருடத்தில் முடித்துவிடலாம்.

ஃபைலைத் திறக்காமலே பெயரைப் பார்த்து ஊரைத் தெரிந்துகொள்ள முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். முடியாது. காரணம், முதுநிலை உதவியாளர் சக்திவேல் அண்ணன். பதினொரு வருடத்துக்கு முன் ஸ்கேனர் வந்த முதல் நாள், புது நோட்டின் முதல் பக்கத்துத் தலையில் எழுதுவது போல, முதல் ஃபைலுக்கு 'அண்ணாமலையார் துணை' என்று ஆரம்பித்துப் பெயர் வைத்தார். ஊர், பொருள், ஆள் பெயர் எல்லாம் அதற்குப் பின்னால். இரண்டாவது ஃபைலுக்கு மட்டும் சாமி துணை வேண்டாமா? மூன்றாவதற்கு? ஆக, கணினியைத் திறந்தால் திரை முழுக்க அண்ணாமலையார் துணை, அண்ணாமலையார் துணை என்றே இருக்கும். அதற்கு அடுத்த எழுத்துகள் கட்டத்துக்குள் அடங்காமல் மறைந்துவிடும். தப்பாக ஸ்கேன் ஆனதையும், இரண்டு முறை ஸ்கேன் ஆனதையும் அழிக்க மாட்டார்கள். சாமி பெயர் போட்ட ஃபைலில் கை வைக்க யாருக்கும் மனசு வராது.

ரேணுகாம்பாள் அக்கா திங்கட்கிழமைதோறும் வருவார். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் டீக்கடை. கூடவே மகள் சினேகா. பிறந்ததிலிருந்து காது கேட்காது. காதுக்குள் கருவி வைத்து ஆபரேஷன் செய்தால் கேட்கும், பேச்சும் வரும் என்று சென்னையில் டாக்டர் சொல்லியிருந்தார். ஆறு வயதுக்குள் செய்தால் அரசே செய்து கொடுக்கும். ஆறு முடிந்தால் இல்லை. அதற்கான அனுமதி கேட்டு, குழந்தைக்கு நான்கு வயதிலேயே மனு போட்டுவிட்டார்.

"இன்னும் எத்தினி நாளு சார் ஆவும்?" என்று கேட்பார்.

"அடுக்கினு இருக்கோம்மா," என்பார் கண்காணிப்பாளர். பொய் இல்லை. அடுக்கிக்கொண்டுதான் இருந்தோம்.

அம்மா அங்கே நிற்கும்போது சினேகா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். மேசைக்குக் கீழே இருக்கும் கணினிப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வாள். அது ஓடுவது அவளுக்குக் கை வழியாகத் தெரியும். நான் ஏதாவது பெரிய ஃபைலைத் திறந்தால் உள்ளே விசிறி வேகம் எடுக்கும். உடனே என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அதற்காகவே அவள் வரும் நாளில் தேவையில்லாத ஃபைலை எல்லாம் திறந்து வைப்பேன்.

அக்டோபர் மாதம் ஒரு திங்கட்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, நான் கணினிக்குக் கட்டளையாகப் பதினாறு வரியில் ஒரு ஸ்க்ரிப்ட் எழுதினேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கல்லூரியில் இரண்டாம் வருடத்தில் சொல்லிக்கொடுப்பது. ஃபைலின் பெயரில் முதல் இரண்டு சொல்லை நீக்கு. அடுத்த சொல் என்ன ஊர் என்று பார். அந்த ஊரின் பெயரில் ஃபோல்டர் இல்லையென்றால் ஒன்று உண்டாக்கு. ஃபைலை அதற்குள் போடு. அடுத்ததற்குப் போ. முதலில் எல்லாவற்றையும் வேறு இடத்தில் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, அதில் ஓட்டிப் பார்த்து, சரியாக வந்த பிறகே அசலில் ஓட்டினேன். இதை நான் இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம், விசாரணையில் யாரும் இதைக் கேட்கவே இல்லை.

எண்டர் தட்டினேன். சினேகாவின் கை பெட்டி மேல் இருந்தது. விசிறி என்றுமில்லாத வேகத்தில் சுற்றியது. அவள் கண்ணை அகல விரித்து, வாய்விட்டுச் சிரித்தாள். டீ ஆறுவதற்குள் முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டும் அதனதன் ஊரில் போய் உட்கார்ந்துவிட்டன. கலசபாக்கம், செங்கம், தண்டராம்பட்டு என்று ஊர்கள் அகர வரிசையில் நின்றதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பைத்தியக்காரத்தனம்தான்.

அடி அண்ணாமலை ஃபோல்டரைத் திறந்தேன். 'மருத்துவம், ரேணுகாம்பாள்' என்று இருந்தது. உள்ளே உத்தரவு. அனுமதிக்கப்படுகிறது என்று கையெழுத்தாகி ஒன்றே முக்கால் வருடம் ஆகியிருந்தது. குழந்தையின் பிறந்த தேதி நவம்பர் முப்பது. விரல் விட்டு எண்ணினேன். இன்னும் நாற்பத்தெட்டு நாள். முழுசாக ஒரு மண்டலம். தாராளமாகப் போதும்.

"அக்கா, உங்க ஆர்டர் கிடைச்சிருச்சு. எப்பவோ கையெழுத்தாயிருக்கு!"

ரேணுகாம்பாள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

சாப்பிட்டுவிட்டு வந்த கண்காணிப்பாளர் திரையைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடியும் பார்த்தார்.

"யாரு அடுக்கினது?"

"ஸ்க்ரிப்ட் எழுதினேன் சார். தானா அடுக்கிருச்சு."

"யாரக் கேட்டு?"

"வேலை சீக்கிரம் முடியட்டும்னு..."

"பதினோரு வருஷமா நாலு பேரு உயிரக் குடுத்து அடுக்கினு இருக்கோம். நீ ஒரு டீ குடிக்கிற நேரத்துல முடிச்சிட்டேன்னா இன்னா அர்த்தம்? பதினோரு வருஷமா நாங்க டீ குடிச்சினு இருந்தோம்னு ஆவுதா இல்லியா?"

பதில் தெரிந்த கேள்விக்கு வாயைத் திறப்பது ஒப்பந்த ஊழியருக்கு நல்லதல்ல.

அப்போதுதான் சக்திவேல் அண்ணன் திரைக்கு மிக அருகில் போய்ப் பார்த்துவிட்டு, "சார், சாமி பேரக் காணோம்," என்றார்.

விஷயம் உதவி இயக்குநர் பிரசாத் ஐயாவிடம் போனது. அவர் மறுநாளே கூட்டம் போட்டார். இரண்டு மணி நேரம் பேசினார்.

"தொழில்நுட்பத்துக்கு நான் எதிரி இல்ல. எங்க வீட்லயே ரெண்டு டேப்லெட் இருக்கு. ஆனா வேகம் வேற, நிர்வாகம் வேற. ஒரு உத்தரவு நம்மகிட்ட ரெண்டு வருஷம் இருக்குதுன்னா, ரெண்டு வருஷம் அதைக் கவனமா வெச்சிருக்கோம்னு ஜனங்களுக்கு ஒரு மரியாதை. ஒரே நிமிஷத்துல குடுத்துட்டா, நம்மள பத்தி இவங்க யோசிக்கவே இல்லன்னு மனுதாரர் வருத்தப்படுவாரு. ஜனங்களை வருத்தப்பட விடக்கூடாது."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஸ்க்ரிப்ட் யாருக்குக் கீழ் வேலை செய்கிறது என்று அவர் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அதன் பதவிப் பெயர் என்ன, எந்தப் பணிநிலை, மதிய இடைவேளையில் எப்படி வேலை பார்த்தது, வருகைப் பதிவேட்டில் ஏன் கையெழுத்து இல்லை என்றும் கேட்டார். இவற்றுக்கு மூன்று நாளில் எழுத்துமூலம் விளக்கம் தருமாறு ஸ்க்ரிப்டுக்கே ஒரு குறிப்பாணை தயாரானது. அதை நான்தான் தட்டச்சு செய்தேன். பெறுநர் என்ற இடத்தில் 'பதினாறு வரிகள் கொண்ட ஸ்க்ரிப்ட், மூன்றாம் எண் கணினி' என்று போடச் சொன்னார்கள். குறிப்பாணையைக் கணினியின் நெற்றியில் ஒட்டி, ஒட்டியதற்கு இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கினார்கள்.

மூன்று நாள் கழிந்தும் ஸ்க்ரிப்ட் பதில் தரவில்லை. நினைவூட்டு ஒட்டினார்கள். தீபாவளி வந்து போனது. இரண்டாம் நினைவூட்டு ஒட்டினார்கள். திரையில் பாதி மறைந்துவிட்டதால் நான் கழுத்தைச் சாய்த்து வேலை பார்த்தேன். வருகைப் பதிவேட்டில் மட்டும் அதற்கு ஒரு வரி ஒதுக்கிவிட்டார்கள். தன் பெயருக்கு மேலே போடக்கூடாது என்று சக்திவேல் அண்ணன் எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவித்ததால் கடைசியில், எனக்குக் கீழே போட்டார்கள். என் பணிக்காலத்தில் எனக்குக் கீழே இருந்த ஒரே ஊழியர் அதுதான்.

நான் உத்தரவைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு கண்காணிப்பாளரிடம் போனேன்.

"சார், இந்த ஒண்ணுக்கு மட்டும் சான்று குடுத்துடுங்க. பொண்ணுக்கு நவம்பர் முப்பதோட ஆறு வயசு முடியுது."

"ஒண்ணுக்குப் பண்ணா எல்லாருக்கும் பண்ணணும்மா."

"அதுதானே சார் நம்ம வேலை?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கோபம் இல்லை. தாய்மொழியில் யாரோ புரியாத ஒன்றைச் சொல்லிவிட்டது போன்ற பார்வை. பிறகு சொன்னார், "ஸ்க்ரிப்ட் அடுக்கினது செல்லாது. செல்லாத அடுக்குக்கு நான் எப்படி சான்று குடுக்கிறது? மொதல்ல எல்லாத்தையும் பழையபடி கலைக்கணும். அப்புறம் முறைப்படி அடுக்கணும். அவங்க முறை வரும்போது குடுப்போம்."

அதற்கு மறுநாள் கலைப்பு உத்தரவு வந்தது. முன்பிருந்த நிலை மீட்கப்பட வேண்டும். நான் எடுத்து வைத்திருந்த பிரதியைத் திருப்பிப் போட்டால் ஒரு நிமிஷத்தில் முடியும் என்றேன். அந்த வழி ஏற்கப்படவில்லை, அதுவும் ஸ்க்ரிப்ட் போலவே வேகமாக இருந்ததால். கையால்தான் கலைக்க வேண்டும், கையால்தான் ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் அண்ணாமலையார் துணை என்று அடிக்க வேண்டும். சக்திவேல் அண்ணன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். விடுப்பில் இருந்தவர்கள்கூட வந்துவிட்டார்கள். காலை ஒன்பதரைக்கே எல்லோரும் இருக்கையில். ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் என்று கலைத்தார்கள். எங்கள் அலுவலகம் அவ்வளவு வேகமாக வேலை செய்து நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. நவம்பர் பதினைந்துக்குள் கலைத்து முடித்ததற்காக மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

அதற்குள் தீபத் திருவிழாப் பணி ஆணைகளும் வந்துவிட்டன. சக்திவேல் அண்ணனுக்குத் தடுப்புக் கட்டைகளைக் கண்காணிக்கும் வேலை. பிரசாத் ஐயாவுக்கு அனுமதிச் சீட்டுப் பணி. கண்காணிப்பாளருக்குத் தற்காலிகப் பேருந்து நிலையம். அலுவலகத்தில் நானும், விளக்கம் தராத ஸ்க்ரிப்டும் மட்டும் இருந்தோம்.

என்னிடமிருந்த பிரிண்ட்டை ரேணுகாம்பாள் அக்காவிடம் கொடுத்துவிட்டேன். அது தப்பு என்று தெரியும். அவர் கடையைப் பூட்டிவிட்டு, குழந்தையை அழைத்துக்கொண்டு சென்னைக்கு பஸ் ஏறினார். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தார்.

"டாக்டரு ரெடியாத்தான் கீறாரு பிரியா. டெஸ்ட்டெல்லாம் எடுத்துட்டாங்க. ஆனா ஆஸ்பத்திரி ஆபீஸ்ல, இதுல நம்பரு இல்ல, சீலு இல்லன்னுட்டாங்க. முப்பதாம் தேதிக்குள்ள அதுமட்டும் போட்டு எடுத்தாந்துடு, உடனே சேத்துக்கிறோம்னு சொன்னாங்க. வெறும் நம்பருதானே? நீ போட்டுத் தர முடியாதா?"

என்னால் முடியாது. எண் போடும் பதிவேடு பூட்டிய பீரோவில் இருந்தது. பீரோ சாவி கண்காணிப்பாளரிடம் இருந்தது.

மூவரும் தற்காலிகப் பேருந்து நிலையத்துக்குப் போனோம். மலைக்கு வரும் கூட்டத்துக்கு நடுவே, கண்காணிப்பாளர் கழுத்தில் அடையாள அட்டையோடு ஷாமியானா நிழலில் உட்கார்ந்திருந்தார். எழுந்து ரேணுகாம்பாள் அக்காவுக்கு நாற்காலி போட்டார். சினேகாவுக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவே இல்லை.

"தீபம் முடியட்டும்மா. ஸ்க்ரிப்ட் மேல கமிட்டி போட்டிருக்கோம். எல்லாரும் டூட்டில இருக்கறதால கோரம் இல்ல, கமிட்டி கூட ஆள் பத்தல."

"தீபம் டிசம்பர்ல சார்," என்றேன். "பாப்பாவுக்கு நவம்பர் முப்பதுல..."

"பொறந்த நாள நம்ம ஆபீஸா முடிவு பண்ணுச்சு?" என்றார், நிஜமாகவே கேட்பது போல.

ரேணுகாம்பாள் அக்கா அவர் காலில் விழுந்தார். அவர் பதறிப்போய்ப் பின்வாங்கி, "அய்யோ, இன்னாம்மா இது, எழுந்திரும்மா. நான் என் கையால ஒண்ணும் நிறுத்தி வெக்கல," என்றார். அதுவும் பொய் இல்லை. யாருமே தன் கையால் ஒன்றும் நிறுத்தி வைக்கவில்லை.

நவம்பர் முப்பது ஞாயிற்றுக்கிழமை. அடி அண்ணாமலைக்குப் போனேன். ரேணுகாம்பாள் அக்கா கேசரி கிளறியிருந்தார். சினேகா புது பாவாடை போட்டிருந்தாள். வந்தவர்களுக்கெல்லாம் விரலை நீட்டி ஆறு என்று காட்டினாள். ஒவ்வொரு முறை அவள் ஆறு காட்டியபோதும் அவள் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் ஒரு வாய் கேசரி சாப்பிட்டேன்.

தீபம் முடிந்து கமிட்டி கூடியது. ஸ்க்ரிப்டைச் சில திருத்தங்களோடு ஏற்கலாம் என்று முடிவானது. சாமி பெயரை அது தொடக்கூடாது. ஒவ்வொரு ஃபைலுக்கும் நின்று, 'அடுக்கலாமா?' என்று கேட்க வேண்டும். பதிவேட்டில் எழுதி, கண்காணிப்பாளர் பச்சை மையில் ஒப்பமிட்ட பிறகே 'ஆம்' என்று தட்ட வேண்டும். திருத்தி முடித்தபோது பதினாறு வரி நானூற்று இருபது வரி ஆகியிருந்தது. ஓட்டிப் பார்த்தோம். நாளொன்றுக்கு ஐந்து ஃபைல் அடுக்கியது.

டிசம்பர் பதினைந்தாம் தேதி, திங்கட்கிழமை, தொடக்க விழா. கணினிக்குச் சந்தனம், குங்குமம், மாலை. இரண்டு பத்திரிகைக்காரர்கள் வந்திருந்தார்கள். விழாவில் ஒரு பயனாளிக்கு உத்தரவு வழங்க வேண்டும் என்பது பிரசாத் ஐயாவின் யோசனை. தேர்ந்தெடுக்கப்பட்டது ரேணுகாம்பாள். பெண் குழந்தை, படம் நன்றாக வரும்.

"சார், அந்தத் தேதி தாண்டிப் பதினஞ்சு நாள் ஆச்சு," என்றேன். "இனிமே இதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது."

"தேதி உத்தரவுலதானே இருக்கு? ஃபோட்டோல தெரியாது," என்றார். பிறகு கொஞ்சம் இரக்கத்தோடு, "வயசுத் தளர்வு கேட்டு ஒரு மனு போடச் சொல்லும்மா. பரிசீலிச்சு உத்தரவு போட்டா இங்கதானே அடுக்க வரும்? பாத்துக்கலாம்," என்றார்.

மேடையில் அவர் பேசினார். "இந்த ஒரு தாயின் சிரிப்புக்காகத்தான் நாம ரெண்டு மாசம் ராப்பகலா உழைச்சோம். ஒரு மனிதநேயமுள்ள ஸ்க்ரிப்டை இந்த மாவட்டத்துக்குக் குடுத்திருக்கோம்."

ரேணுகாம்பாள் அக்காவை அழைத்தார்கள். எண் போட்டு, முத்திரை வைத்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட உத்தரவை அவர் கையில் கொடுத்துக் கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள். எண் இருந்தது. முத்திரை இருந்தது. அழகாக இருந்தது. இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை நீட்டினார்கள்.

அவர் மைக்கை வாங்கவில்லை. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத எடுத்துனு போனா இப்போ பண்ணுவாங்களா சார்?"

பிரசாத் ஐயா கைதட்டினார். கண்காணிப்பாளர் தட்டினார். சக்திவேல் அண்ணன், பத்திரிகைக்காரர்கள், டீ கொண்டுவந்தவர், எல்லோரும் தட்டினார்கள்.

முன் வரிசையில் உட்கார்ந்திருந்த சினேகா சுற்றிலும் பார்த்தாள். எல்லோருடைய கைகளும் ஆடுவதைப் பார்த்து, ஏதோ நல்லது நடந்துவிட்டது என்று நினைத்து, நாற்காலியின் மேல் ஏறி நின்று தட்டினாள். தட்டிக்கொண்டே என்னைத் தேடினாள். நான் சும்மா நிற்பதைக் கண்டதும் அவளுக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. எனக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று எண்ணி, இரண்டு கையையும் என் பக்கம் உயர்த்தி, மெதுவாக, இப்படி, இப்படி என்று தட்டிக் காட்டினாள்.

நானும் தட்டினேன்.